சோவியத் மக்களின் சேமிப்பைத் தின்றவர் பாவ்லோவ்தானா?

பிப்ரவரி 3, இரவு 9:12 | கீழவீதி

வாலன்டின் பாவ்லோவ் 1989 ஜூலையில் சோவியத் ஒன்றியத்தின் நிதியமைச்சர், 1991 ஜனவரியில் பிரதமர், அதே ஆண்டு ஆகஸ்டில் கைதி. 50, 100 ரூபிள் நோட்டுகளை ஒரே ராத்திரியில் செல்லாக்காசாக்கினார், இரண்டு மாதம் கழித்து விலைகளை ஏற்றினார். சாதாரண மக்களின் ஆயுள் சேமிப்பை அழித்தது இந்த ஒரு மனிதர்தான் என்கிறேன். மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

பிப்ரவரி 3, இரவு 11:40 | நாணயச்சாலை

கணக்கோடே வருகிறேன். சேமிப்பு வங்கிகளில் மக்கள் போட்டிருந்த தொகை 1985 முடிவில் சுமார் 22,000 கோடி ரூபிள். 1990 முடிவில் சுமார் 38,000 கோடி. ஐந்தே வருடத்தில் இவ்வளவு ஏறியது மக்கள் செழிப்பால் அல்ல. சம்பளம் வந்தது, கடையில் வாங்கச் சரக்கு இல்லை, மிஞ்சியது சேமிப்புப் புத்தகத்தில் ஏறியது.

அந்தப் பணம் எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். சேமிப்பு வங்கி அதைத் தொழில் தொடங்குபவருக்கோ வீடு கட்டுபவருக்கோ கடனாகக் கொடுக்கவில்லை. அரசு வங்கியான கோஸ்பாங்க் வழியாக அது பட்ஜெட்டுக்குள் போனது. கடன் பத்திரம், ஏலம், வட்டிப் பேரம் எதுவும் இல்லை. வருடக் கடைசியில் வரவுக்கும் செலவுக்கும் நடுவே எவ்வளவு துண்டு விழுந்ததோ அவ்வளவும் "அரசு வங்கியின் பொதுக் கடன் நிதி" போன்ற ஒரு வரியில் அடைபட்டுவிடும். பட்ஜெட் சமநிலையில் இருப்பதாகவே அச்சாகும். வசிலி கர்புசோவ் 1960 முதல் 1985இல் இறக்கும்வரை நிதியமைச்சராக இருந்தார். அவர் காலத்தின் பெரும்பகுதியும் இப்படித்தான் நடந்தது.

பாவ்லோவ் பதவி ஏற்றபோது புத்தகத்தில் எண் இருந்தது, பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. தின்றவர் அவர் இல்லை. தின்று முடித்த இலையை எடுக்க வந்தவர்.

பிப்ரவரி 4, காலை 7:05 | பேரேடு

ஒரு திருத்தம். கர்புசோவுக்கும் பாவ்லோவுக்கும் நடுவில் போரிஸ் கோஸ்தெவ் இருக்கிறார், 1985 முதல் 1989 வரை. பற்றாக்குறை இருக்கிறது என்று சோவியத் நாடாளுமன்றத்தில் முதலில் வாய்திறந்து சொன்னவர் அவர்தான். 1988 அக்டோபரில், அடுத்த ஆண்டுக்கான துண்டு சுமார் 3,600 கோடி ரூபிள் என்றார். உண்மையான துண்டு அதைவிட வெகு அதிகம். வங்கிக் கடனைத் தொடர்ந்து வருவாய் வரியிலேயே எழுதிவந்ததால் முழுசாகத் தெரியவில்லை.

இன்னொன்று. "நிதியமைச்சர்" என்றதும் நாம் நினைக்கும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு இல்லை. நோட்டு அடிப்பது கோஸ்பாங்க், 1989 முதல் அதன் தலைவர் விக்டர் கெராஷ்சென்கோ. விலை வைப்பது விலைக் குழு. சரக்கு ஒதுக்குவது திட்டக் குழு. எதை விற்கலாம், எதைக் கூடாது என்பது கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ. நிதி அமைச்சகத்துக்கு மிஞ்சுவது, இவர்கள் எல்லோரும் முடிவெடுத்த பிறகு கணக்கைக் கூட்டிச் சரிசெய்வது.

பிப்ரவரி 4, மாலை 6:30 | நாணயச்சாலை

பேரேடு சொன்ன நான்கு அலுவலகங்களில் இரண்டில் பாவ்லோவ் வேலை பார்த்தவர் என்பதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. 1937இல் மாஸ்கோவில் பிறந்தார். 1958இல் மாஸ்கோ நிதிக் கல்விக்கழகத்தில் படிப்பை முடித்து, கலினின் மாவட்ட நிதித் துறையில் அரசு வருவாய் ஆய்வாளராகச் சேர்ந்தார். பிறகு ரஷ்யக் குடியரசின் நிதி அமைச்சகம், ஒன்றிய நிதி அமைச்சகம். 1979 முதல் திட்டக் குழுவில் நிதி, அடக்கவிலை, விலைகள் துறையின் தலைவர். 1986 தொடக்கத்தில் முதல் துணை நிதியமைச்சர், அதே ஆண்டு ஆகஸ்டில் விலைக் குழுத் தலைவர்.

கட்சி மேடையில் ஏறி வந்தவர் அல்ல. விலைப்பட்டியலைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய அதிகாரி. மாட்டிறைச்சி கிலோ சுமார் 2 ரூபிள் என்று கடையில் எழுதியிருக்கும் பலகைக்குப் பின்னால் அரசு எத்தனை ரூபிள் கொட்டுகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

அந்த 2 ரூபிள் விலை 1962 ஜூன் 1 முதல் அசையவே இல்லை. அன்று இறைச்சியை 30 சதவீதம், வெண்ணெயை 25 சதவீதம் ஏற்றினார்கள். மறுநாள் நவோசெர்காஸ்க்கில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, 26 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு எந்தத் தலைவரும் இறைச்சி விலையில் கைவைக்கவில்லை. பண்ணைகளுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

இது பட்ஜெட்டில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். சோவியத் வருவாயின் முதுகெலும்பு விற்றுமுதல் வரி. அது சதவீதக் கணக்கில் வசூலித்த வரி இல்லை. கடை விலையிலிருந்து ஆலை விலையையும் வியாபாரக் கழிவையும் கழித்தால் மிஞ்சுவதே வரி. வோட்காவில் அந்த இடைவெளி மிகப் பெரிது. இறைச்சியிலும் பாலிலும் ரொட்டியிலும் அது மைனஸ். ஆக வோட்கா இறைச்சியைச் சுமந்தது. 1985 மே மாதம் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கியபோது சுமப்பவனின் காலை ஒடித்தார்கள். வீட்டில் சாராயம் காய்ச்ச ஆரம்பித்தார்கள், கடையில் சர்க்கரை காணாமல் போனது, சர்க்கரைக்கும் கூப்பன் வந்தது. 1986இல் எண்ணெய் விலை விழுந்தது, ஏப்ரலில் செர்னோபில். 1988 டிசம்பரில் ஆர்மீனிய நிலநடுக்கம். இவை எதுவும் நிதியமைச்சர் கேட்டு வந்தவை அல்ல.

பிப்ரவரி 4, இரவு 10:15 | கீழவீதி

எல்லாம் சரி சார். மதுவிலக்குக்கும் செர்னோபிலுக்கும் அவர் பொறுப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். செல்லாத நோட்டை மாற்றிக்கொள்ள விட்ட அந்த மூன்று நாளுக்கு யார் பொறுப்பு?

பிப்ரவரி 5, இரவு 8:50 | நாணயச்சாலை

அந்த மூன்று நாளுக்கு அவர்தான் பொறுப்பு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆணையில் கையெழுத்து ஜனாதிபதி கோர்பச்சோவுடையது, திட்டம் பாவ்லோவுடையது. பணச் சீர்திருத்தம் எதுவும் வராது என்று பகிரங்கமாக மறுத்துவிட்டுச் செய்தார்கள்.

1991 ஜனவரி 22, செவ்வாய். இரவு 9 மணிச் செய்தியில் ஆணையை வாசித்தார்கள். 1961 வரிசையின் 50, 100 ரூபிள் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது. மாற்றிக்கொள்ள 23, 24, 25 ஆகிய மூன்றே நாள். வேலை பார்ப்பவர் வேலையிடத்திலேயே மாற்ற வேண்டும், ஒரு மாதச் சம்பள அளவு வரை, அதுவும் 1,000 ரூபிளைத் தாண்டாமல். ஓய்வூதியக்காரருக்கு 200 ரூபிள். அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொடுத்து, குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுப்பதற்கும் மாதம் 500 ரூபிள் உச்சவரம்பு.

செய்தி வந்த நேரத்தில் கடைகளும் வங்கிகளும் மூடியாயிற்று. திறந்திருந்தவை ரயில் நிலையங்களும் விமான நிலையங்களும் மெட்ரோ கவுண்டர்களும்தான். தூரத்து ஊர்களுக்கு விலை அதிகமான டிக்கெட்டாகப் பார்த்து வாங்கினார்கள், சில நாள் கழித்து ரத்து செய்து பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று. சிலர் தங்கள் பெயருக்கே மணியார்டர் போட்டார்கள். மெட்ரோ கட்டணம் 5 கொபெக் (100 கொபெக் ஒரு ரூபிள்). அதற்கு 50 ரூபிள் நோட்டை நீட்டினார்கள். கவுண்டரில் இருந்தவருக்குச் செய்தி எட்டும்வரை மீதிச் சில்லறை கிடைத்தது.

அடிபட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது சராசரி மாதச் சம்பளம் சுமார் 270 ரூபிள். ஈமச்செலவுக்கென்று பத்து நூறு ரூபிள் நோட்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருந்த கிழவிக்கு வரம்பு 200. மீதி 800க்கு அவள் மனு எழுத வேண்டும். கள்ளச் சந்தைக்காரனுக்கு ஆள்பலம் உண்டு. கூட்டுறவுக் கடையில் வேலை பார்க்கும் இருபது பேரின் பெயரில் பிரித்து மாற்றிவிடுவான். 25 ரூபிளும் அதற்குக் கீழும் செல்லுபடியானதால், சின்ன நோட்டாக வைத்திருந்தவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 13,300 கோடி ரூபிள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு நோட்டுகள். திரும்பி வராமல் நின்றது சுமார் 1,400 கோடி. மொத்த ரொக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. சேமிப்பு வங்கியில் தொங்கிய 38,000 கோடியில் இது எந்த மூலைக்கு? அதே 1991இல் புதிதாக அடித்து வெளியே விட்ட நோட்டு இதைப் போலப் பல மடங்கு. கிடைத்த பலன் சில வார அவகாசம். விலையாகக் கொடுத்தது ரூபிள் நோட்டின் மேல் இருந்த நம்பிக்கை.

பிப்ரவரி 12 அன்று "ட்ரூட்" நாளிதழில் பேட்டி கொடுத்தார். மேற்கத்திய வங்கிகள் ரூபிளைக் கொண்டுவந்து கொட்டி நாட்டைக் கவிழ்க்கச் சதி செய்தன, அதைத் தடுக்கவே இது என்றார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. அதோடு வெளியுலகத்திலும் மதிப்புப் போயிற்று.

பிப்ரவரி 6, காலை 6:48 | பேரேடு

இதை 1947உடன் வைத்துப் பார்த்தால் தவறு எங்கே என்று துல்லியமாகத் தெரியும். அப்போது நிதியமைச்சர் அர்செனி ஸ்வெரெவ். டிசம்பர் 16 முதல் மாற்றம். கையில் இருந்த ரொக்கத்துக்குப் பத்துக்கு ஒன்று. சேமிப்பு வங்கியில் 3,000 ரூபிள் வரை ஒன்றுக்கு ஒன்று, 3,000 முதல் 10,000 வரையிலான பகுதிக்கு மூன்றுக்கு இரண்டு, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. கொடூரமான சீர்திருத்தம், ரொக்கமாக வைத்திருந்த விவசாயிகளை நசுக்கியது. ஆனால் ஒரே ஆணையில் ரேஷன் அட்டையையும் ஒழித்தார்கள். அதற்கு முன்பே கிடங்குகளில் சரக்கைச் சேர்த்து வைத்திருந்தார்கள். புது நோட்டோடு கடைக்குப் போனவன் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தான்.

1947இல் எல்லா நோட்டும் மாறியது, வங்கியில் போட்டவனுக்குச் சலுகை கிடைத்தது, சரக்கு வந்தது. 1991இல் இரண்டே நோட்டு மாறியது, வங்கியில் போட்டவனும் மாட்டிக்கொண்டான், அலமாரி காலி.

பிப்ரவரி 6, பகல் 1:20 | மருதமுனை

பர்மாவையும் சேருங்கள். 1964 மே மாதம் நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாமலாக்கியது. வியாபாரத்தில் இருந்த தமிழர்கள் பலர் அதோடு கப்பலேறினார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட், ஈடு எதுவும் இல்லாமல். அடுத்த ஆண்டே நாடு கொதித்து எழுந்தது. மாஸ்கோவில் யாரும் இதைப் படிக்கவில்லையா?

பிப்ரவரி 6, இரவு 9:33 | நாணயச்சாலை

மருதமுனை, நல்ல இணை. ஒரு வித்தியாசம்: நே வின் சந்தையைப் பிடிக்கவில்லை என்பதற்காகச் செய்தார். பாவ்லோவ் சந்தை விலைக்கு வழிபோடுவதாக நினைத்துச் செய்தார்.

முன்பு எழுதியதை யோசித்துப் பார்த்தேன், இன்னும் ஒரு படி போக வேண்டும். விலை ஏறியே ஆக வேண்டும் என்று பாவ்லோவ் கண்டது சரி. விலைக் குழுவில் இருந்த காலத்திலேயே அதற்கான திட்டத்தைத் தயாரித்தார், அரசியல் தலைமை ஒத்திப்போட்டது. கெட்டது எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற வரிசை.

1988 ஜனவரி 1 முதல் அரசு நிறுவனச் சட்டம்: ஆலைகள் லாபத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு சம்பளத்தை ஏற்றலாம், விலை மட்டும் மேலிடத்தில் கட்டுப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், கூட்டுறவு என்ற பெயரில் தனியார் தொழிலை அனுமதித்த கூட்டுறவுச் சட்டம். இதன் விளைவை எளிதாகச் சொல்கிறேன். சோவியத்தில் இரண்டு வகைப் பணம் இருந்தது. ஆலைக்கும் ஆலைக்கும் நடுவே வங்கி ஏட்டில் மட்டும் ஓடும் கணக்குப் பணம் ஒன்று, சம்பளமாக வெளியே வரும் ரொக்கம் மற்றொன்று. நடுவில் சுவர். அந்தச் சுவர் இருக்கும்வரை ஏட்டுப் பணம் எவ்வளவு பெருத்தாலும் ரொட்டிக் கடை வரிசைக்கு வராது. கூட்டுறவு அமைப்பு ஆலைக்கு ஒரு வேலை செய்து கொடுத்ததாகப் பில் போடும், ஆலை ஏட்டுப் பணத்தைக் கொடுக்கும், கூட்டுறவு அதை ரொக்கமாக எடுக்கும். சுவரில் ஓட்டை விழுந்தது.

ரொக்க வெளியீடு எப்படி ஏறியது பாருங்கள்: 1987இல் சுமார் 600 கோடி ரூபிள், 1988இல் சுமார் 1,200 கோடி, 1989இல் சுமார் 1,800 கோடி, 1990இல் அதற்கும் மேல். பாவ்லோவ் நாற்காலியில் உட்கார்ந்தது இந்த ஏணியின் நடுவில்.

1990 மே 24 அன்று பிரதமர் ரிஷ்கோவ், ஜூலை 1 முதல் ரொட்டி விலை மூன்று மடங்காகும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்றே கடைகளைத் துடைத்தெடுத்தார்கள். நாடாளுமன்றம் ஒப்பவில்லை, விலையும் ஏறவில்லை, சரக்கும் போயிற்று. முன்னறிவிப்பு கொடுத்தால் இப்படியாகும் என்ற பாடத்தைத்தான் பாவ்லோவ் ஜனவரியில் பின்பற்றினார். பாடம் சரி, பயன்படுத்திய இடம் தவறு. ரகசியம் விலைக்குத் தேவைப்பட்டது. அவர் அதை நோட்டுக்குச் செலவழித்துவிட்டார். ஏப்ரல் 2 அன்று விலை ஏறியபோது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது, கடையில் சரக்கும் இல்லை.

ஏப்ரல் 2 விலைகள்: மாட்டிறைச்சி கிலோ 2லிருந்து 7 ரூபிள். மெட்ரோ 5லிருந்து 15 கொபெக். 1961 முதல் மாறாத கட்டணம் அது. தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை மாதம் 60 ரூபிள். ஏற்றத்தில் கிடைத்ததன் பெரும்பகுதி ஈட்டுத்தொகையாகவே வெளியே போயிற்று.

பிப்ரவரி 7, காலை 7:30 | கீழவீதி

அப்படியென்றால் வரி போட்டிருக்கலாமே? அந்த 5 சதவீத விற்பனை வரி என்ன ஆயிற்று?

பிப்ரவரி 7, காலை 10:02 | பேரேடு

1991 ஜனவரியிலிருந்து போட்டார்கள். மக்கள் "ஜனாதிபதி வரி" என்றார்கள். போடுவது மாஸ்கோ, வசூலிக்க வேண்டியது குடியரசுகள். 1990 ஜூன் 12 அன்று ரஷ்யக் குடியரசே இறையாண்மை அறிவித்துவிட்டது. ஜூலையில், தன் மண்ணிலுள்ள கோஸ்பாங்க் கிளைகள் தனக்கே சொந்தம் என்றது. ஒன்றிய நிர்வாகத்திலிருந்து தன் பக்கம் வரும் ஆலைகளுக்குக் குறைந்த லாப வரி என்று ஆசை காட்டியது. உள்ளே ஒரே கஜானாவுக்கு இரண்டு சாவி.

1991 முதல் காலாண்டிலேயே ஒன்றிய பட்ஜெட்டின் துண்டு, ஆண்டு முழுமைக்கும் திட்டமிட்டதைத் தாண்டிவிட்டது. அப்போது நிதியமைச்சர் விளாதிமிர் ஓர்லோவ். பாவ்லோவ் பிரதமராகிவிட்டார். ஓர்லோவின் பெயர் யாருக்கும் நினைவில்லை. காரணம் எளிது: அவர் கைக்கு வருவாயே வரவில்லை.

பிப்ரவரி 7, இரவு 9:10 | மருதமுனை

கிழக்கு ஜெர்மனியில் இதே சமயம் வேறு கதை. வால்டர் ரோம்பெர்க், கணிதவியலாளர், 1990 ஏப்ரலில் நிதியமைச்சர் ஆனார். மே 18 அன்று மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பொன் (Bonn) நகரில் நாணய ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் மேற்கு ஜெர்மன் மார்க். வங்கி இருப்பில் 14 வயதுக்குக் கீழ் 2,000, பெரியவர்களுக்கு 4,000, 60 வயதானவர்களுக்கு 6,000 வரை ஒன்றுக்கு ஒன்று, மீதிக்கு இரண்டுக்கு ஒன்று. முதியவருக்கு அதிக வரம்பு. பாவ்லோவ் கிழவிக்கு 200 வைத்தார், இவர்கள் 6,000 வைத்தார்கள். ஆகஸ்டில் ரோம்பெர்க்கைப் பதவி நீக்கினார்கள், வரி வருவாயைக் கிழக்குக்கே விட வேண்டும் என்று வாதாடியதற்காக.

பிப்ரவரி 8, காலை 8:15 | நாணயச்சாலை

ரோம்பெர்க்குக்குப் பின்னால் மேற்கு ஜெர்மனியின் மத்திய வங்கியான பன்டெஸ்பாங்க் இருந்தது. பாவ்லோவுக்குப் பின்னால் யாருமில்லை. முதியவருக்கு அதிக வரம்பு வைத்ததற்கு அது காரணமில்லை, அது மனசு. அந்த இடத்தில் மருதமுனை சொல்வதை முழுசாக ஏற்கிறேன்.

தனிச்செய்தியில் ஒருவர் ரூபாய்-ரூபிள் கணக்கு பற்றிக் கேட்டிருந்தார். இந்தியா சோவியத்துக்கு வைத்திருந்த கடன் ரூபிளில் எழுதியது, அடைத்தது சரக்காக. ரூபிள் சரிந்த பிறகு எந்த விகிதத்தில் கணக்குப் பார்ப்பது என்று இழுபறி. 1993 ஜனவரியில் ரஷ்ய ஜனாதிபதி யெல்த்சின் டெல்லி வந்தபோது முடித்தார்கள். கடனின் 63 சதவீதம் 12 வருடத்தில் 5 சதவீத வட்டியோடு, மீதி 37 சதவீதம் 45 வருடத்தில் வட்டியில்லாமல். பாவ்லோவுக்கு இதில் பங்கில்லை.

பிப்ரவரி 8, இரவு 10:40 | கீழவீதி

சேமிப்புக்கு 40 சதவீதம் ஈடு கொடுத்தார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அது கைக்கு வந்ததா?

பிப்ரவரி 9, காலை 9:25 | நாணயச்சாலை

உண்மை. 1991 மார்ச் 22 ஆணை. மார்ச் 1 அன்று புத்தகத்தில் இருந்த இருப்பில் 40 சதவீதம். ஆனால் அந்த ஈட்டில் முதல் 200 ரூபிளை மட்டும் ஜூலை 1 முதல் எடுக்கலாம். மீதி தனிக் கணக்கில் மூன்று வருடம் முடக்கம்.

500 ரூபிள் வைத்திருந்தவருக்கு ஈடு 200, முழுசும் கைக்கு வரும். 1,000 வைத்திருந்தவருக்கு 400; 200 கைக்கு, 200 முடக்கம். 5,000 வைத்திருந்தவருக்கு 2,000. அதே 200 கைக்கு, 1,800 முடக்கம். மூன்று வருடம் முடிவதற்குள் நாடே இல்லை. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யா விலைகளைத் திறந்துவிட்டது, அந்த ஒரே ஆண்டில் விலைகள் இருபது மடங்குக்கு மேல் போயின. கீழவீதி சொல்லும் "ஆயுள் சேமிப்பு" உண்மையில் செத்தது அந்த ஆண்டில்தான். அப்போது பாவ்லோவ் மத்ரோஸ்காயா திஷினா சிறையில் இருந்தார்.

அங்கே போன வழியையும் சொல்லிவிடுகிறேன். 1991 ஜூன் 17 அன்று ஜனாதிபதிக்குத் தெரியாமல் நாடாளுமன்றத்தில் தனக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டார், கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 19 அன்று கோர்பச்சோவிடமிருந்து ஆட்சியைப் பறிக்க முயன்ற அவசரநிலைக் குழுவில் சேர்ந்தார். அன்று மாலை அமைச்சரவையைக் கூட்டி ஆதரவு கேட்டார். அந்தக் குழுவின் முகமாக இருந்த துணை ஜனாதிபதி யனாயெவின் கைகள் நடுங்கிய பத்திரிகையாளர் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, ரத்த அழுத்தம் என்றார்கள். ஆகஸ்ட் 22இல் பதவி போயிற்று, பிறகு கைது. 1993 ஜனவரியில் வெளியே வந்தார். 1994 பிப்ரவரியில் ரஷ்ய நாடாளுமன்றமான டூமா பொதுமன்னிப்பு கொடுத்தது. அதன் பிறகு சாஸ்ப்ரோம்பாங்க் என்ற வங்கியின் தலைவராக இருந்தார், 1995இல் விலகினார், 1996இல் அந்த வங்கியின் உரிமம் ரத்தானது. 2003 மார்ச் 30 அன்று மாஸ்கோவில் இறந்தார்.

பிப்ரவரி 9, பகல் 12:50 | பேரேடு

ஈடு பற்றி ஒரு சேர்க்கை. 1995 மே மாதம் ரஷ்யா தனிச் சட்டம் போட்டு, பழைய சேமிப்பு வங்கிப் புத்தகங்களின் இருப்பைத் தன் உள்நாட்டுக் கடனாக ஏற்றது. 1996 முதல் வயதில் மிக மூத்தவர்களுக்குத் தவணையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், வருடாவருடம் வயது வரம்பைக் கீழே இறக்கினார்கள். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதவர்களுக்கு ஏதோ கிடைத்தது. ஜனவரியில் மாற்ற முடியாமல் போன 50, 100 ரூபிள் நோட்டுகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.